பிள்ளை, பேரப்பிள்ளை, வகுப்பறை: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

31 ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்தேன். இரண்டு பிள்ளைகளை வளர்த்தேன். இப்போது நான்கு வயதுப் பேத்தி இருக்கிறாள். பழைய மாணவிகள் கைக்குழந்தையோடு வருகிறார்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்கள் வருகிறார்கள், என் வயதுக்காரர்களும் வருகிறார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது: "இவ்வளவு பாடுபடுகிறேனே, இதில் எனக்கு என்ன இருக்கிறது?" அவர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். அடிப்படையானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

எல்லோரும் சொல்கிற அந்தச் சந்தோஷம் எனக்கு வரவே இல்லை டீச்சர். என்னிடம் ஏதாவது கோளாறா?

இல்லவே இல்லை. 2004-ல் டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளைக் காட்சி காட்சியாகப் பிரித்து எழுதச் சொன்னார்கள். ஒவ்வொரு காட்சியிலும் மனநிலை எப்படி இருந்தது என்றும் கேட்டார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொண்ட நேரம், சமைத்த நேரத்துக்கும் டிவி பார்த்த நேரத்துக்கும் கீழேதான் வந்தது. வீட்டு வேலையைவிடக் கொஞ்சம் மேல். அந்தப் பெண்களுக்குப் பிள்ளைமேல் பாசம் இல்லாமல் இல்லை. தூக்கம் கெட்டு, பாதி வேலையைப் போட்டுவிட்டு, ஒரே சட்டையை மூன்றாவது முறையாக மாற்றிவிடும் நேரத்தில் யாருக்கும் மனம் துள்ளாது.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். பிரசவத்துக்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு மேலாகவும் அழுகை நிற்கவில்லை, பிள்ளை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, எதுவுமே வேண்டாம் போல இருக்கிறது என்றால் தயவுசெய்து டாக்டரைப் பாருங்கள். அது மருத்துவம் உள்ள ஒரு நோய். நல்ல தாயா இல்லையா என்ற கேள்விக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அப்படியென்றால் பிள்ளை வளர்ப்பதில் சந்தோஷமே இல்லை என்கிறீர்களா?

இருக்கிறது. ஆனால் நாம் அதைத் தேடும் இடம் தப்பு. 2009-ல் மேத்யூ ஒயிட், பால் டோலன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தப் பழைய கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்தார்கள். அந்த நேரம் இன்பமாக இருந்ததா என்பதோடு, செய்யத் தகுந்த வேலையாகப் பட்டதா என்றும் கேட்டார்கள். டிவி பார்க்கும் நேரம் இன்பத்தில் முன்னே நின்றது, செய்யத் தகுந்தது என்பதில் பின்தங்கியது. பிள்ளைகளோடு இருந்த நேரம் நேர்மாறாக இருந்தது.

என் அனுபவமும் அதுதான். ஒரு முழு நாளில் சந்தோஷம் என்று சொல்லத்தக்கது அரை நிமிஷம் இருந்தால் அதிகம். அந்த அரை நிமிஷம் வரும்போது நாம் அங்கே இருக்கவேண்டும், அதைப் பார்க்கவும் தெரியவேண்டும். இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்லப்போவது அந்த அரை நிமிஷத்தைப் பற்றித்தான்.

காலையில் போனால் இரவுதான் வருகிறேன். பிள்ளையோடு எவ்வளவு நேரம் இருந்தால் போதும்?

மணிக்கணக்குச் சொல்ல முடியாது, சொல்லவும் தேவையில்லை. மெலிசா மில்கி என்ற சமூகவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், 3 முதல் 11 வயதுவரை உள்ள பிள்ளைகளின் படிப்புக்கும் நடத்தைக்கும் மனநலத்துக்கும் அம்மா எத்தனை மணி நேரம் கூட இருந்தார் என்பதற்கும் குறிப்பிடும்படியான தொடர்பு தெரியவில்லை. பதின்வயதில்தான் நேரத்தின் அளவு கொஞ்சம் கணக்கில் வந்தது, அதுவும் சேர்ந்து ஏதாவது செய்த நேரம். வேலைக்குப் போகிறோமே என்று தினமும் வெந்துபோகிறவர்கள் இதை ஒருமுறை நிதானமாக வாசிக்கவேண்டும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் பத்து நிமிஷத்தைப் பிள்ளைக்குக் கொடுத்துப் பாருங்கள். பையைக் கீழே வையுங்கள், தரையில் உட்காருங்கள், அவன் என்ன காட்டுகிறானோ அதைப் பாருங்கள். கேள்வி கேட்கவேண்டாம். அப்புறம் மற்ற வேலை.

போன் கையில் இருந்தால் என்ன, காது பிள்ளை பக்கம்தானே இருக்கிறது?

பிள்ளைக்கு வேண்டியது உங்கள் முகம். 1970-களில் எட்வர்ட் டிரானிக் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். சில மாதக் குழந்தையோடு அம்மா சாதாரணமாகக் கொஞ்சி விளையாடவேண்டும். பிறகு சில நிமிஷம் முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் குழந்தையையே பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், சத்தம் போடும், கையை நீட்டும். ஒன்றும் நடக்கவில்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், பல குழந்தைகள் அழுதே விடும். அம்மா எங்கேயும் போகவில்லை, எதிரேதான் உட்கார்ந்திருக்கிறார். போனைப் பார்க்கும் நம் முகம் எப்படி இருக்கிறது என்று ஒருநாள் கண்ணாடியில் பாருங்கள்.

பொறுமை இழந்து கத்திவிடுகிறேன். அப்புறம் ராத்திரி தூங்கும் பிள்ளையைப் பார்த்து அழுகிறேன். கெடுத்துவிட்டேனா?

அந்த டிரானிக் இன்னொன்றும் கவனித்தார். பாசமான அம்மாவும் குழந்தையும் சாதாரணமாகப் பழகும்போதுகூட, இருவர் மனநிலையும் ஒத்துப்போகிற நேரம் ஏறத்தாழ 30 சதவீதம்தான். மீதி நேரம் பிசகுகிறது, பிறகு சரியாகிறது, மறுபடியும் பிசகுகிறது. அந்தச் சரிசெய்தலில்தான் குழந்தை பிடிமானம் கற்கிறது. இங்கிலாந்துக் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட் அதற்கும் முன்பே, 1950-களில், போதுமான அளவு நல்ல அம்மா என்று ஒரு பெயர் வைத்தார். குறையே இல்லாத அம்மாவால் பிள்ளைக்கு உலகத்தைப் பழக்க முடியாது என்பது அவர் கருத்து.

அதனால் கத்தியதற்காக ராத்திரி அழுவதைவிட, காலையில் மன்னிப்புக் கேளுங்கள். சின்னதாக இருக்கட்டும். "நேற்று நான் கத்தினது தப்பு. உனக்குப் பயமாக இருந்திருக்கும்." அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். "ஆனால் நீயும்..." என்று தொடங்கினால் போச்சு. என் மகனிடம் முதல்முறை மன்னிப்புக் கேட்டபோது அவனுக்கு ஏழு வயது. அவன் ஒன்றும் பேசவில்லை, பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தான். சாயங்காலம் தானாக வந்து என் முதுகில் சாய்ந்துகொண்டு படித்தான்.

கை ஓங்குவது தினசரி ஆகிவிட்டது, நிறுத்த முடியவில்லை என்றால் அது வேறு. அதற்கு உதவி தேடவேண்டும், தனியாகச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

எதையாவது சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் பத்தாவது நிமிஷம் சண்டை. நான் சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிடலாமா?

நிறுத்தவேண்டாம், கையைக் கொஞ்சம் பின்னால் இழுங்கள். 1976-ல் டேவிட் உட், ஜெரோம் புரூனர், கெய்ல் ராஸ் மூவரும் 3, 4, 5 வயதுப் பிள்ளைகள் 30 பேருக்கு 21 மரத்துண்டுகளைக் கொடுத்து ஒரு பிரமிடு கட்டச் சொல்லி, கூட இருந்து உதவுவது எப்படி என்று பார்த்தார்கள். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதைப் போல என்று அந்த உதவிக்குப் பெயர் வந்தது. சுவர் நிற்கத் தொடங்கியதும் சாரத்தைப் பிரித்துவிட வேண்டும். பிள்ளை திணறினால் கொஞ்சம் கூடுதலாக உதவு, செய்துவிட்டால் உடனே ஒதுங்கு. கேட்க எளிது. நம் கைதான் கேட்காது.

போன மாதம் பேத்தி சட்டைக்குப் பட்டன் போட்டாள். முதல் பட்டனை இரண்டு விரலால் பிடித்தாள். துளை எங்கே என்று தெரியாமல் துணியையே பட்டன்மேல் போர்த்தினாள். நழுவியது. நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு மறுபடியும் பிடித்தாள். என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன், இல்லையென்றால் தானாகப் போய்விடும். வெளியே கிளம்பவேண்டிய நேரம் வேறு. ஒன்றே ஒன்று சொன்னேன்: "பின்பக்கமிருந்து துளைக்குள்ளே விரலை விட்டுப் பார்." விரல் நுனி துளையில் எட்டிப் பார்த்தது. அந்த நுனியால் பட்டனின் விளிம்பைத் தொட்டாள், இழுத்தாள், பாதி வந்தது, மறுகையால் தள்ளினாள். வந்துவிட்டது. என்னைப் பார்க்கவில்லை, பட்டனைத்தான் பார்த்தாள். பிறகு அடுத்த பட்டன்.

நான் சொன்ன அரை நிமிஷம் இதுதான். நாமே போட்டுவிட்டிருந்தால் நேரம் மிச்சமாகியிருக்கும், அந்த முகத்தைப் பார்த்திருக்க முடியாது. பிள்ளை வளர்ப்பதில் எனக்குக் கிடைத்த சந்தோஷங்களை எண்ணிப் பார்த்தால், அவர்களுக்கு நான் செய்து கொடுத்தவை நினைவில் அதிகம் இல்லை. என் கை இல்லாமல் அவர்கள் ஒன்றைச் செய்துவிட்ட நேரங்கள்தான் நிற்கின்றன.

என் வகுப்பில் அறுபது பேர். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு எங்கே நேரம்?

மூன்று விநாடி இருக்கிறதா? அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ, வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டு 1970-களில் ஒரு விஷயம் எழுதினார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடிதான். அதற்குள் வேறு ஒருவரைக் கேட்டுவிடுகிறார் அல்லது தானே சொல்லிவிடுகிறார். மூன்று விநாடிக்கு மேல் காத்திருக்கப் பழகிய ஆசிரியர்கள் வகுப்பில் பதில்கள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, மந்தம் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளும் வாயைத் திறந்தார்கள்.

இதை நான் வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் கழித்துத்தான் செய்யத் தொடங்கினேன். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவேன். முதல் வாரம் அந்த அமைதி தாங்கவே முடியாமல் இருந்தது. மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண், அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. கேள்வி கேட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு முடிந்தபோது அவள் விரல் மேசைமேல் ஏதோ எழுதுவது தெரிந்தது. மூன்று முடிந்தும் நான் பேசவில்லை. "நாலில் ஒரு பங்கு?" என்றாள், கேள்வியாகவே. அவ்வளவு காலம் நான் அவளுக்கு ஒரு விநாடி மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சில பிள்ளைகள் எப்படியும் தேறமாட்டார்கள் என்று தெரிந்த பிறகும் ஏன் மெனக்கெடவேண்டும்?

தெரியும் என்று நாம் நினைப்பதுதான் சிக்கல். 1968-ல் ராபர்ட் ரோசென்தால், லெனோர் ஜேக்கப்சன் இருவரும் ஒரு தொடக்கப்பள்ளிச் சோதனையை வெளியிட்டார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பிள்ளைகளின் பெயரைக் குலுக்கல்போல எடுத்து, இவர்கள் இந்த ஆண்டு மலரப்போகிறவர்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஆண்டு முடிவில் முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகளின் அறிவுத்திறன் சோதனை மதிப்பெண் மற்றவர்களைவிடக் கூடுதலாக ஏறியிருந்தது. மேல் வகுப்புகளில் அப்படித் தெரியவில்லை. அந்த ஆய்வின் அளவீடுகள் பற்றிப் பின்னால் நிறைய விவாதம் நடந்தது, விளைவு முதலில் சொன்ன அளவு பெரிதல்ல என்றார்கள். அதையும் சேர்த்தே சொல்கிறேன். இருந்தாலும், நம்பிக்கை வைத்த பிள்ளையிடம் நாம் அதிக நேரம் நிற்கிறோம், அதிகம் சிரிக்கிறோம், இரண்டாவது வாய்ப்புக் கொடுக்கிறோம் என்பதை எந்த ஆசிரியரும் தன் மனசைத் தொட்டு மறுக்க முடியாது.

வருஷா வருஷம் அதே பாடம், அதே கரும்பலகை. சலித்துவிட்டது. இதில் எப்படி ஆர்வம் வரும்?

பாடம் அதேதான். தப்புகள் அப்படி இல்லை. ஒரு பிள்ளை 52-லிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதுகிறாள். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போகலாம். கொஞ்சம் நின்று பாருங்கள். 7-லிருந்து 2-ஐக் கழித்திருக்கிறாள், 5-லிருந்து 2-ஐக் கழித்திருக்கிறாள். பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்கவேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்த விதியை ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறாள். அரையையும் மூன்றில் ஒரு பங்கையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதுகிற பையனும் அப்படித்தான். மேலேயும் கூட்டினான், கீழேயும் கூட்டினான். அவனிடம், "அரை டம்ளர் தண்ணீரில் இன்னும் கொஞ்சம் ஊற்றினால் அரையைவிடக் குறையுமா?" என்று மட்டும் கேட்டேன். அவன் நோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தானே அடித்தான்.

நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன், தப்புகளுக்காகவே. பிள்ளையின் பெயர் எழுதமாட்டேன். தப்பையும், அதற்குள் இருந்த யோசனையையும் எழுதுவேன். ஓய்வு பெறும்போது நான்கு நோட்டு ஆகியிருந்தது. கடைசி வருஷத்தில்கூட நான் பார்த்திராத தப்பு ஒன்று வந்தது. சலிப்பு வந்த ஆசிரியர்கள் எல்லோருக்கும் நான் சொல்லும் ஒரே வைத்தியம் அந்த நோட்டுதான்.

என் பிள்ளைகளிடம் இல்லாத பொறுமை பேரனிடம் எப்படி வந்தது? அவர்களுக்குத் துரோகம் செய்துவிட்டேனோ என்று இருக்கிறது.

இந்தக் கேள்வியைக் கேட்காத தாத்தா பாட்டியை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு உங்களுக்கு வேலை, கடன், வீடு, பயம் எல்லாம் இருந்தது. பிள்ளை என்ன ஆகப்போகிறான் என்ற கவலைக்கு நடுவே பிள்ளையைப் பார்க்க இடம் இல்லை. பேரன் விஷயத்தில் அந்தக் கவலையை வேறு ஒருவர் சுமக்கிறார். 2021-ல் ஜேம்ஸ் ரில்லிங் என்ற மானுடவியலாளரின் குழு 50 பாட்டிமார்களுக்குப் பேரப்பிள்ளையின் படத்தைக் காட்டி மூளையைப் படம்பிடித்தது. பேரப்பிள்ளையைப் பார்த்தபோது, பிள்ளை உணர்வதைத் தானும் உணரும் பகுதிகள் வேலை செய்தன. தங்கள் வளர்ந்த மகன் அல்லது மகளின் படத்தைப் பார்த்தபோதோ, இவர் என்ன நினைக்கிறார் என்று யோசித்துப் புரிந்துகொள்ளும் பகுதிகள்தான் கூடுதலாக வேலை செய்தன.

இதற்கு வேர் இன்னும் ஆழமாக இருக்கலாம். தான்சானியாவின் ஹட்சா மக்களோடு தங்கி ஆராய்ந்த கிறிஸ்டன் ஹாக்ஸ், அங்கே பாட்டிமார் கிழங்கு தோண்டிப் பேரப்பிள்ளைகளுக்கு உணவு சேர்ப்பதைப் பார்த்தார். பிள்ளை பெறும் வயது கடந்தும் மனிதப் பெண்கள் நீண்ட காலம் வாழ்வது இதனால்தான் இருக்கும் என்று 1990-களின் பிற்பகுதியில் அவரும் சக ஆய்வாளர்களும் எழுதினார்கள். 2004-ல் பின்லாந்து, கனடா நாடுகளின் பழைய பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள், 50 வயதுக்கு மேல் வாழ்ந்த ஒவ்வொரு பத்து ஆண்டுக்கும் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பேரப்பிள்ளைகள் கூடுதலாகக் கிடைத்ததைக் கண்டார்கள். நமக்கு வயதானது சும்மா இல்லை.

துரோகம் என்று நினைப்பதை உங்கள் மகனிடமே சொல்லுங்கள். "உன்னிடம் இப்படி உட்கார எனக்கு அப்போது தெரியவில்லை" என்று. நான் சொன்னேன். அதன்பிறகு எங்களுக்குள் பேச்சு இலகுவானது.

மருமகள் வளர்க்கும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நாங்கள் வளர்க்கவில்லையா? சொன்னால் என்ன தப்பு?

நாங்கள் வளர்த்தபோது குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்தால் நன்றாகத் தூங்கும் என்றார்கள், செய்தோம். பிறகுதான் மல்லாந்து படுக்கவைப்பதே பாதுகாப்பு என்று தெளிவானது. அமெரிக்காவில் 1994-ல் அதற்கான பிரசாரம் தொடங்கிய பிறகு, தூக்கத்தில் காரணம் தெரியாமல் குழந்தை இறப்பது சில ஆண்டுகளிலேயே ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நம் அனுபவம் பெரியதுதான், ஆனால் அதற்குள்ளும் இப்படிச் சில தப்புகள் உட்கார்ந்திருக்கின்றன.

குழந்தைக்கு ஆபத்து என்றால் உடனே சொல்லுங்கள். மற்றபடி கேட்டால் மட்டும் சொல்லுங்கள், பிள்ளைக்கு எதிரே ஒருபோதும் சொல்லாதீர்கள். சாரம் பற்றி மேலே சொன்னேனே, அது மருமகளுக்கும் பொருந்தும். அவளும் இப்போதுதான் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

பேரனை முழுநாளும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உடம்பு தாங்கவில்லை. சொன்னால் பாசம் இல்லை என்று நினைப்பார்களே?

சொல்லுங்கள். உடைந்து விழுவதற்கு முன்னால், சண்டை இல்லாத ஒரு நாளில், குறிப்பாகச் சொல்லுங்கள். "வாரத்தில் இரண்டு நாள் எனக்கு வேண்டும்" என்பது நல்ல வாக்கியம். "என்னால் முடியவில்லை" என்று பொதுவாகச் சொன்னால் அவர்களுக்கு என்ன செய்வது என்று தெரியாது.

பேத்தி வெளிநாட்டில். வாரம் ஒருமுறை வீடியோவில் பார்க்கிறேன், இரண்டு நிமிஷத்தில் ஓடிவிடுகிறாள். இது உறவாகுமா?

ஆகும். இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகள், பதிவு செய்த வீடியோவிலிருந்து புதிய சொல்லைக் கற்கத் திணறினாலும், எதிர்ப்பக்கம் ஒருவர் பார்த்துப் பதில் சொல்லும் வீடியோ அழைப்பிலிருந்து நேரில் கற்பதைப் போலவே கற்றதை 2014-ல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. முகம் பதில் சொல்லவேண்டும், அவ்வளவுதான். மேலே போன் பற்றிய கேள்வியில் சொன்னது இங்கே நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது.

"சாப்பிட்டாயா, படித்தாயா, பாட்டியைப் பிடிக்குமா" என்று விசாரணை நடத்தினால் எந்தப் பிள்ளையும் ஓடும். ஒரு பொருளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்து எந்தக் கையில் என்று கேளுங்கள். போன வாரம் விட்ட கதையை விட்ட இடத்திலிருந்து சொல்லுங்கள். இரண்டு நிமிஷம்தான் என்றால் இரண்டு நிமிஷம், அடுத்த வாரமும் அதே கிழமை, அதே நேரம்.

பதினைந்து வயது மகன் என்னோடு பேசுவதே இல்லை. கதவைச் சாத்திக்கொள்கிறான். எங்கே தவறினேன்?

அந்த வயதில் கதவு சாத்துவது பெரும்பாலும் வளர்ச்சி. முகத்துக்கு முகம் உட்காரவைத்துப் பேச்சு எடுக்காதீர்கள். வண்டியில் பக்கத்தில், பாத்திரம் கழுவும்போது, எதையாவது ரிப்பேர் செய்யும்போது என்று கண் வேறு எங்கோ இருக்கும் நேரங்களில் பேச்சு தானாக வரும். பதின்வயதில் சேர்ந்து செய்யும் நேரம் கணக்கில் வருகிறது என்று மேலே சொன்னதை இதற்காகத்தான் சொன்னேன். அவன் பேச ஆரம்பித்தால் மூன்று விநாடி விதியை மறக்கவேண்டாம். முதல் வாக்கியம் வெறும் சோதனைதான், நீங்கள் பாய்கிறீர்களா என்று பார்க்கிறான்.

சாப்பாடு, தூக்கம், நண்பர்கள், பிடித்த விளையாட்டு எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கினால் அது வெறும் கதவு இல்லை. அப்போது நேராகவே கேளுங்கள், தாமதிக்காமல் மருத்துவ உதவியும் தேடுங்கள்.

எனக்குப் பிள்ளை இல்லை, நான் ஆசிரியரும் இல்லை. இந்த நிறைவு எல்லாம் எனக்குக் கிடைக்காதா?

எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர், நடுவயதில் மனிதருக்கு வரும் முக்கியமான தேவை அடுத்த தலைமுறையைப் பேணி வழிநடத்துவது என்று 1950-ல் எழுதினார். அது கிடைக்காதபோது வாழ்க்கை தேங்கிப்போகிறது என்றார். பெற்றால்தான் என்று அவர் சொல்லவில்லை. தொழில் பழக்கிவிடுவதும், கற்றுக்கொடுப்பதும், ஒன்றை உருவாக்கிக் கொடுப்பதும் அதில் அடங்கும்.

இதற்கு மறுபக்கத்தையும் பாருங்கள். ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 40 வயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, நோய், உடைந்த குடும்பம் என்று பல பாரங்களோடு தொடங்கிய பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தன்னம்பிக்கையும் அக்கறையும் உள்ள மனிதர்களாக வளர்ந்தார்கள். அவர்கள் வாழ்க்கையில் திரும்பத் திரும்பத் தென்பட்ட விஷயம், தங்களை ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவர். பல சமயம் அது அப்பா அம்மா இல்லை. தாத்தா, பாட்டி, அத்தை, ஆசிரியர், அக்கம்பக்கத்தவர். உங்களுக்காகக் காத்திருக்கும் பிள்ளை ஒன்று பக்கத்து வீட்டிலேயே இருக்கலாம்.

என் மகள் நான் நினைத்தபடி வரவில்லை. படிப்பை விட்டுவிட்டாள், என்னோடு பேச்சும் குறைவு. இத்தனை வருஷம் வீண்தானா?

இதற்குச் சட்டென்று பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கேள்வியோடு வந்தவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: உங்கள் வருத்தத்தில் எவ்வளவு அவள் கஷ்டப்படுகிறாளே என்பதற்காக, எவ்வளவு நீங்கள் வரைந்து வைத்திருந்த படம் கிழிந்ததற்காக? இரண்டையும் பிரித்து எடுக்கக் கொஞ்ச நாள் ஆகும். முதலாவதற்கு நீங்கள் இன்னும் உதவலாம். இரண்டாவதை நீங்கள் தனியாக அழுது தீர்க்கவேண்டும், அவள் தோளில் போடக்கூடாது.

வீண் இல்லை என்று நான் சொல்வதற்குக் காரணம், அந்த வருஷங்கள் ஒரு முடிவுக்காகக் கட்டிய தவணை அல்ல. அவள் முதல்முறை சைக்கிளில் போனபோது நீங்கள் பின்னால் ஓடியது அன்றைக்கே முழுமையானது. பின்னால் நடந்த எதுவும் அதை அழிக்க முடியாது. பேச்சு குறைந்திருந்தால், பதில் எதிர்பார்க்காத சின்னச் செய்திகளை அனுப்புங்கள். அறிவுரை இல்லாமல், கேள்வி இல்லாமல். "இன்றைக்கு உன் பழைய குடையைப் பார்த்தேன்" என்கிற மாதிரி. ஒரு தாய் இப்படி எட்டு மாதம் அனுப்பினார். ஒன்பதாவது மாதம், "எந்தக் குடை?" என்று பதில் வந்தது.

பிள்ளைகள் போய்விட்டார்கள், வேலையும் முடிந்தது. இனி நான் யாருக்கு வேண்டும்?

ஓய்வு பெற்ற முதல் மாதம் எனக்கும் காலை எட்டரைக்குக் கை அரிக்கும், சாக்பீஸ் பிடிக்க. ஒரு விஷயம் புரிய நாளானது. நான் வேண்டும் என்று பிறர் நினைப்பதுதான் என் உயிர் என்று அதுவரை நம்பியிருந்தேன். ஆனால் பட்டன் பற்றிய பதிலில் சொன்னதுபோல, எனக்கு உண்மையிலேயே பிடித்தது நான் தேவைப்படாமல் போகும் அந்த இடம். அதற்கு இன்னும் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். இப்போது வாரம் மூன்று சாயங்காலம் நான்கு பிள்ளைகள் வருகிறார்கள், பின்னக் கணக்கோடு. உங்களுக்குத் தையல் தெரிந்தால் தையல், கணக்கு எழுதத் தெரிந்தால் அது. ஒருவரிடம் தொடங்குங்கள், போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி குளித்துவிட்டு வந்தாள். நான் சட்டையை எடுத்துக்கொண்டு போனேன். "பாட்டி, நீங்க வெளியே நில்லுங்க" என்று கதவைத் தள்ளினாள். நான் வெளியே நின்றேன். உள்ளே முணுமுணுப்பு, கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கதவு திறந்தது. ஒரு பட்டன் மட்டும் துளை மாறியிருந்தது. அவளே குனிந்து பார்த்துவிட்டு, மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டாள்.